கம்ப்யூட்டர் ஃபேன்: மாட்டுவதும் அடக்குவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, ஈரோடு, பொள்ளாச்சி என்று பல பக்கத்திலிருந்தும் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, அதனால் ஒட்டுக்காச் சேர்த்து இங்கே பதில் எழுதிவிட்டேன். கேட்பவர்கள் பனியன் கம்பெனி டிசைன் ரூமில் இருப்பவர்கள், கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்காரர்கள், லேத் பட்டறை ஆபீசில் டிராயிங் போடுபவர்கள், அப்புறம் வீட்டில் கேம் விளையாடும் பையன்கள். மெஷின் சூடாகிறது என்றதும் எல்லோரும் முதலில் யோசிப்பது இன்னொரு ஃபேன் வாங்குவதைத்தான். பல நேரம் அது தேவையே இல்லை. இருக்கிற ஃபேன் தப்பான செட்டிங்கில் ஓடிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் பஞ்சு அடைத்துக் கிடக்கும். கீழே சிபியு என்று எழுதியிருப்பதெல்லாம் பிராசஸரை மட்டும்தான். மொத்தப் பெட்டியை கேபினெட் என்றே எழுதியிருக்கிறேன்.

3 பின் ஃபேன், 4 பின் ஃபேன், ரெண்டுக்கும் என்னதாங்க வித்தியாசம்?

3 பின் ஃபேனில் ஒரு வயர் கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது வேகத்தை மதர்போர்டுக்குத் திருப்பிச் சொல்லும் வயர். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றினால் இந்த மூன்றாவது வயரில் 2 துடிப்பு வரும், அதை எண்ணித்தான் மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரையான பயாஸில் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று, காட்டுகிறது. 1200 ஆர்பிஎம்மில் ஓடும் ஃபேன் நொடிக்கு 20 சுற்று, அப்படியானால் நொடிக்கு 40 துடிப்பு. இந்த வயர் அறுந்துபோனாலும் ஃபேன் ஓடும், எண் மட்டும் பூஜ்யம் என்று நிற்கும். ஆக பயாஸில் 0 பார்த்தவுடன் ஃபேன் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

4 பின் ஃபேனில் கூடுதலாக இருப்பது கட்டளை வயர். 3 பின் ஃபேனை மெதுவாக்க வேண்டுமென்றால் அதற்குப் போகும் 12 வோல்ட்டையே 9, 7, 5 என்று குறைத்துக் கொடுக்க வேண்டும். பயாஸில் இதற்கு டிசி மோடு என்று பெயர். 4 பின் ஃபேனுக்கு 12 வோல்ட் எப்போதும் முழுசாகப் போய்க்கொண்டே இருக்கும், நான்காவது வயரில் நொடிக்குச் சுமார் 25,000 தடவை ஆன், ஆஃப் ஆகும் ஒரு சிக்னல் போகும், அதில் ஆன் ஆகி இருக்கும் நேரம் எத்தனை சதவீதமோ அதைப் பார்த்து ஃபேன் தன் வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளும். இதுதான் பிடபிள்யூஎம் மோடு. 25 கிலோ ஹெர்ட்ஸ் வைத்ததற்கும் காரணம் உண்டு: நம் காதுக்கு 20 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும், அதற்குக் கீழே வைத்தால் மோட்டார் கீச்சென்று பாடும்.

நிறத்தை நம்பி வயரை வெட்டி ஒட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய 3 பின் ஃபேனில் பொதுவாகக் கறுப்பு கிரவுண்ட், சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேக வயர். இன்டெல் வகுத்த 4 பின் முறையில் கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் 12 வோல்ட், பச்சை வேக வயர், நீலம் கட்டளை வயர். அதாவது ஒன்றில் மஞ்சள் வெறும் சிக்னல், இன்னொன்றில் மஞ்சள்தான் 12 வோல்ட்! இப்போது வரும் ஃபேன்களில் நாலும் கறுப்பாகவே வேறு இருக்கும். எனவே பின் வரிசையைப் பாருங்கள்: கிரவுண்ட், 12 வோல்ட், வேகம், கட்டளை. சாதாரண மதர்போர்டுகளில் இந்த வரிசை மாறாது.

3 பின் ஃபேனை 4 பின்னில் மாட்டலாமா? 4 பின் ஃபேனை 3 பின்னில்?

ரெண்டும் மாட்டலாம், எதுவும் எரியாது. பிளாஸ்டிக் தடுப்பு ஒரு பக்கமாக இருப்பதால் 3 பின் கனெக்டர் சரியான மூன்று பின்னில்தான் உட்காரும், நான்காவது சும்மா வெளியே நிற்கும்.

ஆனால் "புது ஃபேன் போட்டதிலிருந்து மாவு மில் மாதிரி இரைகிறது" என்று வரும் புகாரில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. 3 பின் ஃபேனை 4 பின் ஹெடரில் (மதர்போர்டில் ஃபேன் வயரைச் சொருகும் இடம்) மாட்டி, அந்த ஹெடர் பிடபிள்யூஎம் மோடில் இருந்தால், ஃபேனுக்கு முழு 12 வோல்ட் போகும், கட்டளை வயர் அதற்கு இல்லை, ஆகவே பொழுதுக்கும் முழு வேகம்தான். பயாஸில் அந்த ஹெடரை மட்டும் டிசி என்று மாற்றுங்கள், அடங்கிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. 4 பின் ஃபேனை 3 பின் ஹெடரில் மாட்டினால் கட்டளை வராதபோது அது முழு வேகத்தில் ஓடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, அப்போது வோல்ட்டைக் குறைத்துத்தான் அடக்க வேண்டும். பெரும்பாலான 4 பின் ஃபேன்கள் இதற்கும் ஒத்துழைக்கும், சில மட்டும் குறைந்த வோல்ட்டில் திக்கித் திக்கி ஓடும். ஆட்டோ என்று ஒரு மோடு பல போர்டில் இருக்கிறது. அது சரியாகக் கண்டுபிடிக்கும் என்று விட்டுவிடாமல் நீங்களே டிசியா பிடபிள்யூஎம்மா என்று வைத்துவிடுவது நல்லது.

மதர்போர்டில் நாலைந்து இடம் இருக்கிறது, எதில் எதை மாட்டுவது?

பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். சிபியு ஃபேன் என்று இருப்பதில் சிபியு கூலர் ஃபேன், வேறெதையும் மாட்டக் கூடாது. சிபியு ஆப்ட் என்பது அதே கூலரில் இரண்டாவது ஃபேன் இருந்தால் அதற்கு, பல போர்டுகளில் இது முதல் ஹெடர் போகும் வேகத்திலேயே போகும். சிஸ் ஃபேன் அல்லது சா ஃபேன் என்று எண்ணோடு இருப்பவை கேபினெட் ஃபேன்களுக்கு. பம்ப் என்று இருப்பது தண்ணீரைச் சுற்றவிட்டு சிபியுவைக் குளிர்விக்கும் வாட்டர் கூலருக்கு, ஆனால் பயாஸில் மாற்றிவிட்டால் சாதா ஃபேனும் போடலாம்.

சிபியு ஃபேன் ஹெடரில் வேக சிக்னல் வராவிட்டால் மெஷின் ஆன் ஆகும்போதே சிபியு ஃபேன் எரர் என்று சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்லும். கடையில் கூலரைக் கழற்றி மாட்டியபோது பக்கத்து ஹெடரில் சொருகிக் கொடுத்திருந்தால் இப்படி வரும். ஃபேன் ஓடத்தான் செய்கிறதே என்று தினமும் எஃப்1 அழுத்திக்கொண்டு இருக்கிறார்கள், அது வேண்டாம். தப்பான ஹெடரில் இருந்தால் சிபியு சூட்டைப் பார்க்காமல் கேபினெட் சென்சாரைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

ஒரே ஹெடரில் எத்தனை ஃபேன் தாங்கும்?

சாதாரணமாக ஒரு ஹெடர் 1 ஆம்பியர், அதாவது 12 வாட். ஃபேனின் நடு ஸ்டிக்கரில் ஆம்பியர் போட்டிருக்கும். 120 மில்லிமீட்டர் ஃபேன் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 வரை. 0.2 ஆம்பியர் ஃபேன் நாலு என்றால் 0.8, கணக்குப்படி தாங்கும், ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மோட்டார் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்பதால் ஒரு ஹெடருக்கு மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் என் வழக்கம். எல்இடி எரியும் ஃபேனில் எல்இடிக்கும் அதே வயரில் கரண்ட் போகிறது என்றால் அதையும் சேர்த்துக் கூட்டுங்கள். சர்வரிலிருந்து கழற்றிய தடிமனான ஃபேன் ஒன்றே 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதைக் கொண்டுவந்து மதர்போர்டில் சொருகினால் ஹெடர் போய்விடும். அப்புறம் போர்டையே சர்வீசுக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

ஒரு ஹெடரைப் பல ஃபேனுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் வாங்கும்போது கவனியுங்கள்: ஒரு கனெக்டரில்தான் வேக வயர் இருக்க வேண்டும், மற்றதில் அந்தப் பின் காலியாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் வேக வயர் இணைத்த மலிவு ஸ்பிளிட்டரில் ரெண்டு ஃபேனின் துடிப்பும் கலந்து பயாஸில் கண்டபடி எண் வரும். இன்னொன்று, ஒரே ஸ்பிளிட்டரில் 3 பின்னும் 4 பின்னும் கலக்காதீர்கள். டிசி வைத்தால் சில 4 பின் ஃபேனுக்குப் பொருந்தாது, பிடபிள்யூஎம் வைத்தால் 3 பின் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்.

அஞ்சு ஆறு ஃபேன் இருந்தால் ஹப் வாங்குங்கள். சாட்டா பவர் வயரிலிருந்து 12 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மதர்போர்டிலிருந்து கட்டளையை மட்டும் வாங்கி எல்லா ஃபேனுக்கும் அனுப்பும். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் வரை தாங்கும், கேபினெட் ஃபேன்களுக்கு அது தாராளம். ஹப்பிலும் ஒரு ஃபேனின் வேகம்தான் தெரியும். ரிமோட் கொடுத்து கலர் கலராக மாற்றும் ஹப்கள் சிலவற்றில் மதர்போர்டு இணைப்பே கிடையாது, பட்டன் அழுத்தி நீங்கள்தான் வேகத்தை மாற்ற வேண்டும். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையிலிருந்து நேராக மாட்டினால்?

ஓடும், எப்போதும் முழு வேகம். பழைய மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் ரெண்டு கறுப்பும் கிரவுண்ட். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஃபேனை மாட்டி 7 வோல்ட்டில் மெதுவாக ஓட்டும் பழைய தந்திரம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. 5 வோல்ட் வயரை கிரவுண்டாகப் பயன்படுத்துவது அது, ஷார்ட் ஆனால் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் 5 வோல்ட்டில் 12 ஏறும். வேண்டாங்க.

ஃபேன் எந்தப் பக்கம் காற்றைத் தள்ளும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மோட்டாரைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். சில ஃபேனின் ஓரத்தில் அம்புக்குறியும் இருக்கும். அழகுக்காக றெக்கையைத் திருப்பி வைத்த ரிவர்ஸ் ஃபேன்களும் இப்போது வருகின்றன, அதில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஊதுபத்தி ஒன்று கொளுத்திக் கிட்டே கொண்டுபோனால் புகை போகும் திசை காட்டிக்கொடுத்துவிடும்.

கேபினெட்டில் எத்தனை ஃபேன், எங்கெங்கே?

முன்னால் ரெண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. ஆபீஸ் வேலை, ஆல்பம் டிசைன், நடுத்தர கேம் எல்லாவற்றுக்கும் இது போதும். பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மேலே பின்பக்கமாக இன்னொன்று வெளியே தள்ளலாம். மேலே முன்பக்க ஓட்டையில் வெளியே தள்ளும் ஃபேன் வைத்தால், முன்னால் வந்த குளிர்ந்த காற்று சிபியு வரை போகாமல் அப்படியே மேலே ஏறிப் போய்விடும்.

நம் பக்கத்துக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது தூசிதான். திருப்பூரில் கட்டிங், நிட்டிங் நடக்கும் கட்டடத்திலும், சோமனூர் பல்லடம் பக்கம் தறி ஓடும் வீட்டிலும் காற்றில் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். சாதாரணத் தூசி ஓட்டைகளுக்குள் நுழைந்து போய்விடும், பஞ்சு போகாது. சிபியுவின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்க்கின் உலோகத் தகடுகளின் மேல் ஒரு போர்வை போலப் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, கொஞ்ச நாளில் மெத்தையாகிவிடும். வெளியே பார்த்தால் ஃபேன் அருமையாகச் சுற்றிக்கொண்டிருக்கும், காற்று உள்ளே நுழையவே நுழையாது. இங்கே உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது கேபினெட்டுக்குள் அழுத்தம் சற்று மிகுந்து, சந்து பொந்தெல்லாம் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது, வருகிற காற்று முழுக்க ஃபில்டர் வழியாகத்தான் வரும், நீங்கள் ஃபில்டரை மட்டும் தட்டினால் போதும். வெளியே தள்ளும் ஃபேன்களை மட்டும் நிறையப் போட்டால் நேர்மாறாக, யுஎஸ்பி ஓட்டையிலிருந்து எல்லாச் சந்து வழியாகவும் பஞ்சு உள்ளே வரும்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவு பாதியாகும், ஆனால் அது தள்ளும் அழுத்தம் கால் பங்காகிவிடும். ஃபில்டர் சுத்தமாக இருக்கும்வரை மெதுவாக ஓடும் ஃபேன் நன்றாகவே வேலை செய்யும். பஞ்சு படிந்ததும் முதலில் தோற்பது அந்த மெதுவாக ஓடும் ஃபேன்தான், ஏனென்றால் அடைப்பைத் தாண்டி இழுக்க அதற்கு அழுத்தம் இல்லை. எனவே பனியன் கம்பெனிக்குள் இருக்கும் மெஷினுக்கு முன் ஃபேன் வாங்கும்போது ஸ்டேட்டிக் பிரஷர், அதாவது இந்தத் தள்ளும் அழுத்தம், கூடுதலாக உள்ளதைப் பாருங்கள், குறைந்தபட்ச வேகத்தையும் வீட்டு மெஷினைவிட உயர்த்தியே வையுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில்லுக்கு அருகில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். கோவை லேத் பட்டறை, கிரைண்டிங் பட்டறை என்றால் வேறு கதை: அங்கே காற்றில் வருவது இரும்புத் துகளும் எண்ணெய்ப் புகையும், துகளில் கரண்ட் பாயும், போர்டில் படிந்தால் ஷார்ட். அங்கே எந்த ஃபேன் செட்டிங்கும் காப்பாற்றாது, கேபினெட்டைக் கண்ணாடி போட்ட தனி அறைக்குள் வையுங்கள்.

பயாஸில் ஃபேன் கர்வ் எப்படி வைப்பது? வெய்யக்காலத்துக்குத் தனியாக வைக்க வேண்டுமா?

பெயர் போர்டுக்குப் போர்டு மாறும்: ஆசஸில் க்யூ ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐயில் ஹார்டுவேர் மானிட்டர், ஏஎஸ்ராக்கில் ஃபேன் டேஸ்டிக் டியூனிங். உள்ளே போனால் எல்லாம் ஒன்றுதான். ஒரு படம் இருக்கும், கிடைமட்டத்தில் சூடு, நிமிர்ந்த கோட்டில் ஃபேன் சதவீதம், புள்ளிகளை இழுத்து வைக்கலாம், அந்தக் கோடுதான் கர்வ்.

வைப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிய வேண்டும். ஃபேன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் குளிர்விக்காது, அறைக் காற்றைத்தான் அது எடுத்து வீசுகிறது. அதே வேலையைச் செய்யும்போது சிபியு அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கிறதோ அந்த வித்தியாசம்தான் கூலரின் திறமை. மார்கழிக் காலையில் 22 டிகிரி அறையில் 70 காட்டிய மெஷின், அதே வேலைக்கு, அதே ஃபேன் வேகத்தில், சித்திரை மதியம் 38 டிகிரி அறையில் ஏறத்தாழ 86 காட்டும். மெஷினில் எதுவும் கெடவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று படும் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் கொஞ்சம் தப்பிக்கும். ஈரோடு, கரூர் பரமத்தி பக்கம் ஏப்ரல், மே மாதத்தில் வெளியே 40 தொடுவது சாதாரணம், ஓட்டு வீடு தகர ஷெட்டுக்குள் கேட்கவே வேண்டாம். வலைதளத்தில் வெளிநாட்டுக்காரர் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து வைத்த கர்வை அப்படியே பார்த்துப் போட்டால், நம் ஊரில் சும்மா இருக்கும்போதே ஃபேன் பாதி வேகத்துக்கு ஏறி நிற்கும்.

நான் வைப்பது இப்படி. சிபியு ஃபேனுக்கு 50 டிகிரி வரை 30 சதவீதம், 65-இல் 45, 75-இல் 65, 85-இல் 100. இது பிடபிள்யூஎம் ஃபேனுக்கு. டிசியில் 30 சதவீதம் என்றால் 3.6 வோல்ட்தான், பல ஃபேன் அதில் கிளம்பவே கிளம்பாது. டிசிக்குக் குறைந்தது 40, அதாவது 4.8 வோல்ட், அதிலிருந்து ஆரம்பியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் குறைந்த வோல்ட்டிலும் ஓடும், நின்ற ஃபேன் கிளம்ப அதைவிடக் கூடுதல் வேண்டும். ஆகையால் மெதுவாகக் குறைத்துப் பார்த்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் தாராளமாக வைத்து, மெஷினை அணைத்துப் போட்டு, எல்லா ஃபேனும் தானாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள்.

85-இல் முழு வேகம் என்றால் பயப்படுகிறார்கள். இன்டெல் சிபியு பலவற்றின் எல்லை 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றின் எல்லை 95. அந்த எல்லையில் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடைக்குத் தனி கர்வ் வேண்டியதில்லை, முதல் புள்ளியை 50-இல் வைத்ததே கோடையை மனதில் வைத்துத்தான். கம்பெனியில் வந்த சின்ன கூலரோடு மேல் ரகச் சிபியு வைத்திருப்பவர்கள் மட்டும் கர்வோடு மல்லுக்கட்டாமல் கூலரை மாற்றுங்கள், அல்லது பயாஸில் சிபியுவின் வாட் வரம்பைக் குறையுங்கள். வாட் குறைந்தால் சூடும் குறையும், ஆல்பம் வேலையில் வேகக் குறைவு பெரிதாகத் தெரியாது.

ஒரு ஃபைல் திறந்தாலே ஃபேன் விர்ரென்று ஏறி, அடுத்த நொடி இறங்குகிறது. எரிச்சலாக இருக்கிறது.

சிபியு சூடு ஒரே நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி குதிக்கும், ஹீட்சிங்க் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. ஃபேன் குதிப்பைத் துரத்துகிறது. பயாஸில் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன் அல்லது ஸ்மூதிங் என்று நொடிக்கணக்கில் ஒரு செட்டிங் இருக்கும். ஏறுவதற்கு 3 முதல் 5 நொடி, இறங்குவதற்கு அதைவிட நீளமாக வையுங்கள். கேபினெட் ஃபேனுக்கு இன்னும் நீளமாக வைக்கலாம். சத்தம் கூடுதலாக இருப்பதைவிட அது மாறிக்கொண்டே இருப்பதுதான் காதை அறுக்கும்.

ஃபேன் கூடினால் சத்தமும் கூடாதா?

கூடும், ஆனால் நினைக்கிற அளவு இல்லை. ஒரே மாதிரி ரெண்டு ஃபேன் ஒரே வேகத்தில் ஓடினால் ஒன்றைவிட 3 டெசிபல்தான் அதிகம். வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும், இழுக்கும் கரண்டும் எட்டில் ஒரு பங்கை ஒட்டி இறங்கும். ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட ரெண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் காற்று கிட்டத்தட்ட அதே அளவு, சத்தம் வெகு குறைவு. ஃபில்டர் சுத்தமாக இருக்கும்வரை என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

விண்டோஸிலேயே மாற்ற சாப்ட்வேர் இல்லையா?

ஃபேன் கண்ட்ரோல் என்றே ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது, நல்லது. பயாஸில் முடியாத ஒன்று அதில் முடியும்: சிபியு, கிராபிக்ஸ் கார்டு இரண்டில் எது கூடுதல் சூடோ அதைப் பார்த்து கேபினெட் ஃபேனை ஓட்டலாம். முன்பு எல்லோரும் போட்ட ஸ்பீட்ஃபேன் பழையதாகிவிட்டது, புது போர்டுகளை அதற்கு அடையாளம் தெரியாது. லினக்ஸ் என்றால் எல்எம் சென்சார்ஸ் போட்டு, பிடபிள்யூஎம் கான்ஃபிக் ஓட்டினால் எந்த ஹெடரில் எந்த ஃபேன் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துச் சொல்லும்.

ஒன்று மட்டும்: போர்டு கம்பெனியின் சொந்த சாப்ட்வேரும் இதுவும் சேர்ந்து ஓடினால் ரெண்டும் அடித்துக்கொள்ளும். விண்டோஸ் தொங்கினாலும் ஃபேன் ஓட வேண்டும் என்பதால் பயாஸில் ஒரு நல்ல கர்வ் எப்போதும் இருக்கட்டும், சாப்ட்வேர் அதன் மேல்தான்.

கிராபிக்ஸ் கார்டு ஃபேன் சுற்றவே இல்லை, போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இப்போதைய கார்டுகள் பல 50, 60 டிகிரி தாண்டும்வரை ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கும். ஒரு கேமை ஓட்டிவிட்டுப் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால்தான் கவலை.

எல்இடி வயரை எங்கே சொருகுவது?

இதில்தான் நிஜமாகவே எரியும். ஏஆர்ஜிபி என்பது 5 வோல்ட், நாலு பின் இடத்தில் ஒன்று விடுபட்டு 3 பின் இருக்கும். சாதா ஆர்ஜிபி என்பது 12 வோல்ட், 4 பின் வரிசையாக. 5 வோல்ட் எல்இடியை 12 வோல்ட்டில் அழுத்திச் சொருகினால் அந்த நொடியே எல்இடி காலி. ஏஆர்ஜிபி 3 பின்னும் ஃபேன் 3 பின்னும் ஒன்றல்ல. சொருகும்போது தடுத்தால் அழுத்தாதீர்கள், போர்டு புத்தகத்தைப் பாருங்கள்.

வாட்டர் கூலரில் பம்ப் வயரை எங்கே?

பம்ப் ஹெடரில் மாட்டி, 100 சதவீதத்தில் விடுங்கள், கர்வ் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன்களை சிபியு ஃபேன் ஹெடரில் மாட்டினால் எரரும் வராது. பம்பை சாதா கேபினெட் ஹெடரில் மாட்டி, அது டிசி மோடில் வோல்ட்டைக் குறைத்தால், பம்ப் மெதுவாகி சிபியு கொதிக்கும். ஃபேன்கள் மட்டும் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிராண்டட் ஆபீஸ் மெஷினில் ஃபேன் கனெக்டர் வேறு மாதிரி இருக்கிறதே?

அவர்கள் சொந்த அளவில் 5 பின், 6 பின் என்று வைத்திருப்பார்கள், பின் வரிசையும் மாறும். அந்த மாடலுக்கான மாற்று வயர் ஆன்லைனில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வயரை வெட்டி ஒட்டுவதென்றால் மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட்டும் கிரவுண்டும் பார்த்த பிறகே. கர்வ் வைக்கும் வசதி பயாஸில் பெரும்பாலும் இருக்காது.

எப்படிச் சுத்தம் செய்வது? புளோயர் அடிக்கலாமா?

அடிக்கலாம். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வாசலுக்குக் கொண்டுபோய். ஃபேன் றெக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். விட்டால் புளோயர் வேகத்தில் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும், மோட்டார் ஜெனரேட்டர் போல வேலை செய்து வயரில் வோல்ட்டும் வரலாம். கம்ப்ரசர் வைத்திருக்கும் பட்டறைக்காரர்கள் அழுத்தத்தைக் குறைத்து, வரும் காற்றில் தண்ணீர் இல்லையே என்று பார்த்து அடியுங்கள். பஞ்சு மெத்தை புளோயருக்கு அசையாது, சிபியு ஃபேனைக் கழற்றி ஹீட்சிங்க்கிலிருந்து சின்ன பிரஷ்ஷால் உரித்து எடுக்க வேண்டும். முன் ஃபில்டரை வாரம் ஒருமுறை தட்டுங்கள், கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலுக்கு நேரே கேபினெட் வேண்டாம், செம்மண் எல்லாம் உள்ளேதான் வரும்.

கடகடவென்று சத்தம் வருகிறது, எண்ணெய் விடலாமா?

முதலில் வயர் ஏதாவது றெக்கையில் உரசுகிறதா பாருங்கள், பல நேரம் அதுதான். ஸ்லீவ் பேரிங் ஃபேனில் ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டால் சில மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கெட்டியாகிவிடும். பால் பேரிங் கரகரத்தால் மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது அளவு பாருங்கள்: 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளி 105, 140-க்கு 124.5.

சைடு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைத்தால் நன்றாகத்தானே இருக்கிறது?

ரெண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் ஃபில்டர் இல்லாமல் பஞ்சும் தூசியும் நேராக ஹீட்சிங்க்கில் போய் உட்காரும். பல்லி புகுந்து போர்டில் ஷார்ட் ஆவதும் இப்படித்தான். ஆனால் மூடியைக் கழற்றுவது ஒரு சோதனைக்கு மிகவும் உதவும். மூடி போட்டு அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்துச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மூடியைக் கழற்றி அதே வேலை, அதே அறை, மறுபடி குறியுங்கள். ஓரிரு டிகிரிதான் குறைந்தது என்றால் கேபினெட் காற்றோட்டம் சரியாக இருக்கிறது, இன்னும் ஃபேன் வாங்கிப் பயனில்லை. சூடு இன்னமும் அதிகமென்றால் சிபியு கூலரை, சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே தடவிய, காய்ந்துபோன பேஸ்ட்டைப் பாருங்கள். பத்து டிகிரி போலக் குறைந்தால் காற்று உள்ளே வரவில்லை என்று பொருள். முதலில் முன் ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள், அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் முன்னால் ஒரு ஃபேன் வாங்கி மாட்டலாம்.